வீடு மாறும்போது தையல் மெஷினும் வரட்டும்

பணி ஓய்வுக்குப் பிறகு பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்கோ, பிள்ளைகள் இருக்கும் ஊருக்கோ, முதியோர் குடியிருப்புக்கோ மாறுகிறவர்கள் சாமான் பட்டியல் எழுதும்போது தையல் மெஷின் கடைசி வரியில்தான் வரும். "இனிமேல் எதற்கு, யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்ற பேச்சும் கூடவே வரும். கொடுக்க வேண்டாம். வேலைக்குப் போன காலத்தில் கிடைக்காத பகல் பொழுது இப்போதுதான் கையில் இருக்கிறது. பழகிய கையும் இருக்கிறது. அந்தக் கை தைத்துத் தருவதற்குக் காத்திருப்பவர்கள் மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. யாருக்கு, என்ன தைக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்தத் துணி வண்டியில் ஏறும், எந்த மெஷின் வரும், புது வீட்டில் எந்த மூலையை அதற்கு ஒதுக்குவது என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை. பெரும்பாலும் நடப்பது நேர்மாறாக. வீட்டில் இருக்கும் துணியை எல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுபோய், அங்கே இறக்கிவைத்த பிறகு, "இதை வைத்து யாருக்கு என்ன தைத்துக் கொடுக்கலாம்" என்று யோசிப்பார்கள். மிச்சத் துணியைத் தீர்க்கும் வழியாகத் தானத் தையலை நினைப்பதுதான் இதில் ஆகப் பெரிய தவறு. பெறுபவரிடம் தேவையைக் கேட்காமல் தைத்த பொருள் எங்கோ ஓர் அலமாரியில் தூங்கும்.

சிறுமிகளுக்கு மாதவிடாய் நாப்கின் தரும் டேஸ் ஃபார் கேர்ள்ஸ் என்ற அமைப்பு 2008இல் கென்யாவின் நைரோபியில் ஓர் அநாதை இல்லத்துச் சிறுமிகளுக்காகத் தொடங்கியது. முதலில் கொடுத்தது ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கின். எறிய இடமில்லை என்பது கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகே துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினுக்கு மாறினார்கள். பயன்படுத்தியவர்கள் சொன்னதைக் கேட்டு அந்த வடிவத்தையும் பலமுறை மாற்றினார்கள். இப்போது உள்ளே வைக்கும் துணியை விரித்தால் அது சாதாரணக் கைத்துண்டு போலத்தான் இருக்கும். வெளியில் கொடியில் காயப்போட ஒரு பெண் கூச்சப்பட வேண்டாம் என்பதற்காக அப்படி. வண்ணமும் அதே காரணத்தால்தான்: கறை தெரியாத அடர் நிறங்கள், பூப்போட்ட துணிகள். தைப்பவர் வெள்ளை ஃபிளானல் அழகாக இருக்கிறதென்று அதில் தைத்தால் அந்த யோசனை முழுக்க வீணாகும்.

2020இல் முகக்கவசம் தைத்தவர்களுக்கும் இது தெரியும். அந்த ஆண்டு ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் துணிக் கவசத்துக்கு மூன்று அடுக்கு சொன்னது. உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் பாலிபுரொப்பிலீன் போன்ற வடிகட்டும் துணி, வெளியே ஈரம் ஏறாத பாலியஸ்டர் வகை. மூன்றும் ஒரே பருத்தியாக இருந்தால் பார்க்க ஒன்றுதான், வேலை வேறு. எந்த இடத்தில் எந்தத் துணி என்பதைத் தேவைதான் தீர்மானிக்கிறது.

எனவே, புது ஊர் முடிவானதும் அங்குள்ள இரண்டு மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். மருத்துவமனை என்றால் சம்பந்தப்பட்ட வார்டின் தலைமைச் செவிலியரிடம் பேசுவதே பயன் தரும். வரவேற்பில் இருப்பவருக்கு விவரம் தெரிந்திருக்காது. எந்த அளவில் வேண்டும், எத்தனை வேண்டும், எந்த வெப்பத்தில் துவைப்பார்கள், பட்டன், வெல்க்ரோ, நாடா இவற்றில் எது கூடாது, எப்படிக் கட்டித் தர வேண்டும் என்று கேளுங்கள். துவைக்கும் வெப்பத்தைக் கேட்க மறக்க வேண்டாம். மருத்துவமனைச் சலவை பொதுவாக 60 டிகிரியிலோ அதற்கு மேலோ நடக்கும். நனைத்துச் சுருக்கம் எடுக்காத பருத்தியில் தைத்த உடுப்பு முதல் சலவையிலேயே ஓர் அளவு சிறியதாகிவிடும்.

துணியைப் பிரிப்பது

என்ன தைப்பது என்று தெரிந்த பிறகு பீரோவைத் திறந்தால் வேலை பாதியாகக் குறையும். மார்பக அறுவை செய்தவர்கள் அக்குளில் வைத்துக்கொள்ளும் இதயத் தலையணை தைப்பதாக முடிவு என்றால் நைலான் சேலையும் ஜரிகைத் துணியும் வண்டி ஏற வேண்டியதில்லை. குழந்தை உடுப்பு என்றால் சட்டைத் துணி, மல், மெல்லிய பனியன் துணி போதும்.

துணி என்ன வகை என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சட்டென்று பற்றும், காகிதம் எரியும் வாடை வரும், தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கலப்புத் துணி.

பழைய துணியை இரண்டு கையாலும் பிடித்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரு வெட்டு இழுங்கள். காகிதம் போலக் கிழிந்தால் அது எடுத்துப்போகும் துணியல்ல. வருடக்கணக்கில் மடித்தே கிடந்த துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மடிப்பு வரியில் சாயம் போயிருப்பது தெரியும். அந்த வரியில் இழையும் நைந்திருக்கும். நூல்கண்டையும் இப்படிச் சோதிக்கலாம்: ஒரு முழ நூலைப் பிடித்துச் சுண்டினால் சட்டென்று அறுகிறதா? அப்படியானால் மெஷினிலும் அது அறும். எலாஸ்டிக்கை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து விடுங்கள். பழைய அளவுக்குத் திரும்பாவிட்டாலோ உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ தூக்கிப் போடுங்கள். இரண்டு சலவையில் தொளதொளக்கும் பாவாடையை யாருக்கும் தர வேண்டாம்.

தேறியதை அளந்து, நீளம், அகலம், வகை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்துங்கள். பிறகு சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளில் அடுக்குங்கள். மடித்த துணி நினைப்பதைவிடக் கனமானது. பெரிய பெட்டியில் நிரப்பினால் அடி பிய்ந்துவிடும், புது வீட்டில் அதைத் தூக்கப்போகிறவர் அறுபதைத் தாண்டியவர். ஒரு பெட்டிக்குப் பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம். காகித அளவுகளை மடிக்காமல் சுருட்டிக் குழாயில் போடுங்கள். மடிப்புக்கோடு விழுந்த காகிதத்தில் வரைந்தால் கழுத்து வளைவு சில மில்லிமீட்டர் தள்ளிவிடும்.

மெஷினை ஏற்றுவது

மின்சார மெஷினில் ஊசியைக் கழற்றி, அடிநூல் சுற்றிய பாபினை எடுத்து, நான்காக மடித்த பருத்தித் துணியை, தைக்கும்போது துணியை நகர்த்தும் பற்களின் மேல் வைத்து, துணியை அழுத்தும் ஃபுட்டை அதன்மேல் இறக்கிவிடுங்கள். ஆட்டத்தில் ஃபுட் பற்களில் மோதாமல் இருக்கும். பெடலையும் வயரையும் தனியாகச் சுற்றுங்கள். பெடல் மெஷின்மேல் உருண்டு விழுந்துதான் பல மெஷின்களில் நூல் ஏற்றும் கம்பி உடைகிறது. பெட்டியில் மெஷின் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கவைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் மோட்டார் பக்கமோ துணி ஓடும் பக்கமோ இறங்கும். பிறகு தைக்கும் முதல் வெள்ளைத் துணியில் அது கறையாகத் தெரியும்.

காலால் மிதிக்கும் மெஷினை ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்க விடாதீர்கள். பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவவிடுங்கள். தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தால் கீழ்த்தட்டின் பின் ஓரத்தில் இரண்டு கீல்கள் தெரியும். அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். வார்ப்பிரும்பு என்பதால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்திருக்கும்போதுதான் மற்றவர் திருகாணியைத் தொட வேண்டும். திருகாணிகளைச் சிறு துணிப்பையில் போட்டு ஸ்டாண்டிலேயே கட்டிவிடுங்கள். மிதிகட்டை ஆடாமல் கயிற்றால் ஸ்டாண்டோடு கட்டுங்கள். ஆடினால் அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு வளைந்துவிடும்.

புது இடத்தில் பூட்டியதும் உடனே துணி வைக்க வேண்டாம். கால்கள் நான்கும் தரையில் பதிகிறதா என்று ஆட்டிப் பாருங்கள், தேவையானால் அட்டை முட்டுக் கொடுங்கள். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. மெஷின் எண்ணெய் மட்டும்தான், சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாக இறுகிவிடும். நூல் கோக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டி, கசியும் எண்ணெயைத் துடைத்து, கழிவுத் துணியில் தைத்துப் பாருங்கள். கால் மிதிக்கும் வேகத்துக்குச் சக்கரம் வராமல் நழுவினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கொக்கியைப் பிரித்து ஒரு முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டி மறுபடி கோத்தால் சரியாகும். ஒரேயடியாக இரண்டு சென்டிமீட்டர் வெட்டினால் பெல்ட் இறுகி மிதிப்பது கடினமாகும், முழங்கால் வலிக்கும்.

அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மேல்நூல்: ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்திருப்பார்கள், அது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்காது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மீண்டும் கோத்தால் தீரும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். சாதாரணப் பருத்திக்கு ஊசி எண் 80/12 அல்லது 90/14, கெட்டித் துணிக்கு 100/16, பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி. எட்டு மணி நேரம் தைத்த ஊசியின் முனை தேய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பழைய காலுறை ஒன்றின்மேல் இழுத்தால் இழை மாட்டும்.

மூலை எது

புது வீட்டில் தையலுக்கான இடத்தைக் கடைசியில் மிஞ்சும் இடமாக விடாதீர்கள். 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம் 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சிறுத்துவிடுகிறது, லென்ஸ் மஞ்சள் பாரித்துவிடுகிறது. எனவே ஜன்னல் பக்கம்தான் மெஷினுக்கு. வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக் கையின் நிழலே ஊசிமேல் விழும். கூடவே வளைத்துத் திருப்பக்கூடிய விளக்கு ஒன்று, 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ள வெள்ளை வெளிச்சத்தில். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் பகலில் மட்டும்.

கண்ணாடியும் கவனிக்க வேண்டியது. படிக்கும் கண்ணாடி 35, 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்தது. ஊசி இருக்கும் இடம் அதைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும். அதனால்தான் பலர் குனிந்து தைக்கிறார்கள், கழுத்து வலி வருகிறது. மெஷினில் உட்கார்ந்து கண்ணிலிருந்து ஊசிவரை டேப்பால் அளந்து, அந்த அளவைக் கண் மருத்துவரிடம் சொல்லித் தனிக் கண்ணாடி கேளுங்கள்.

தைக்கும் மேசை 70 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். வெட்டும் மேசை 85, 90 சென்டிமீட்டர் இருக்கட்டும், நின்றுகொண்டு வெட்டலாம். தனி மேசைக்கு இடமில்லையென்றால் சாப்பாட்டு மேசையின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொள்ளலாம், மேசை ஆடாமல் இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து வெட்டும் வழக்கத்தை விட்டுவிடுவது முழங்காலுக்கு நல்லது. இஸ்திரிப் பெட்டியையும் மெஷினையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்ட வேண்டாம், இஸ்திரி இழுக்கும் மின்சாரத்துக்குச் சாதாரண வயர் சூடேறும். வயர் நடைபாதையில் கிடக்கக் கூடாது. அடுக்குமாடி என்றால் மேசைக்கால்களின் கீழ் கனமான ரப்பர் துண்டு வையுங்கள். கீழ் வீட்டில் இருப்பவருக்கு மெஷின் சத்தத்தைவிட அதிர்வுதான் தொந்தரவு.

குண்டூசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஊசி ஏறியது தெரியவே தெரியாது, புண் வைத்த பிறகுதான் தெரியும். தைக்கும் அறையில் செருப்பு, எழுந்திருக்கும் முன் தரையில் ஒரு காந்தம். விரல் மூட்டு வலி இருப்பவர்கள் குண்டூசிக்குப் பதில் பிளாஸ்டிக் கிளிப் வைத்துக்கொள்ளலாம்.

இதயத் தலையணை

தானத்துக்குத் தைக்கத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அக்குளுக்கும் கைக்கும் நடுவே வைத்துக்கொள்வது. கை தையல்மேல் அழுந்தாது, காரில் போகும்போது பெல்ட்டுக்கு அடியிலும் வைக்கலாம். ஒரே வடிவம், அளவு பார்க்க வேண்டியதில்லை, சின்ன வீட்டிலும் தைக்கலாம்.

மருத்துவமனை தனி அளவு தந்தால் அதையே எடுங்கள். தராவிட்டால் காகிதத்தை இரண்டாக மடித்து, விரித்தால் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் வரும்படி பாதி இதயம் வரையுங்கள். வாழ்த்து அட்டையில் வரும் இதயம்போல வரையக் கூடாது. இரண்டு கொம்புகளும் நீளமாக, நடுப் பிளவு ஆழமாக இருக்க வேண்டும், அக்குள் அந்தப் பிளவில்தான் உட்காரும். 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் 40 சென்டிமீட்டர் நீளம் எடுத்தால் முன்னும் பின்னும் கிடைத்துவிடும். சூடான நீரில் நனைத்துக் காய்ந்த பருத்தி மட்டும்.

சுற்றிலும் முக்கால் சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, தையல் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்து அடியுங்கள். பொருளைத் திணிக்கப் பத்து சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். அதைப் பக்கவாட்டில் நேராக இறங்கும் இடத்தில் விடுங்கள். வளைவில் விட்டால் கைத்தையல் போட்டு மூடும்போது கோணும். பிளவின் உச்சியில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துத் திருப்பி, அந்த இடத்தில் இரு பக்கமும் மூன்று சென்டிமீட்டருக்கு இரண்டாம் தையல் போடுங்கள். கிழிவது எப்போதும் அங்கேதான். பிறகு கத்தரி முனையால் பிளவுக்குள் தையலுக்கு 2 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து ஒரு வெட்டு. அதை வெட்டாவிட்டால் புரட்டியதும் பிளவில் சுருக்கம் விழும், ஆறாத தோலில் அந்தச் சுருக்கம் உறுத்தும். வெளி வளைவுகளில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்ன முக்கோணம் வெட்டியெடுங்கள்.

திணிக்கும் பஞ்சைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்: பாலியஸ்டர் பஞ்சு 150 முதல் 180 கிராம். பிடிப்பிடியாகத் திணித்தால் உருண்டை உருண்டையாக நிற்கும். விரலால் பிரித்து உதறி, முதலில் இரு கொம்புகள், அடுத்து முனை, கடைசியில் நடு என்று நிரப்புங்கள். "நன்றாக இருக்கட்டும்" என்று 250 கிராம் திணிப்பவர்கள் உண்டு. அது கையை உடம்பிலிருந்து தள்ளிவிடும், நோயாளி அரை மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டார். பஞ்சுக்குப் பதில் வெட்டு மிச்சங்களைத் திணிக்கவே கூடாது. கனம் கூடும், துவைத்தால் உள்ளே ஈரம் நின்று நாற்றமெடுக்கும். லேஸ், பட்டன், வாசனை எதுவும் வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மெல்லிய வாசனையே குமட்டும்.

குழந்தைகளுக்கென்றால்

குறைமாதக் குழந்தைக்குத் தைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. தைப்பது சின்னதாக இருந்தாலும் விதிகள் கடுமையானவை. குழாய்களும் ஒயர்களும் மாட்டியிருக்கும் குழந்தைக்குத் தலை வழியாகப் போடும் உடுப்பு உதவாது, படுக்கவைத்தபடியே முழுதாகத் திறந்து மூட வேண்டும். உலோகப் பட்டன் கூடாது, கழுத்தில் நாடா கூடாது. தையல் மடிப்புகள் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே தோலில் பட வேண்டாம். தொப்பி என்றால் கருவின் 28ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 26 சென்டிமீட்டர், நிறைமாதத்தில் சுமார் 35. நடுவில் எத்தனை அளவு வேண்டும் என்பதை வார்டில் கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வீடு மாறும்போது துணிப் பெட்டிகளில் நாப்தலீன் உருண்டை போடுவது பலருக்குக் கைப்பழக்கம். குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் அது கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அந்த நெடி பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், மஞ்சள் காமாலை முற்றி மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். துவைத்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். பூச்சிக்கு வழி, நன்றாகக் காயவைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பதுதான். அலமாரியை ஈரம் ஏறும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

கொடுக்கும்போது

முதலில் இரண்டு மாதிரி மட்டும் தைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாற்பது தைத்த பிறகு "வெல்க்ரோ வேண்டாமே" என்று கேட்பது வருத்தம் தரும், அவர்களுக்கும் சொல்லச் சங்கடம். சரியென்றால் ஒரு தடவைக்கு ஆறு என்று வெட்டிக்கொண்டு, ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் மெஷின், ஒரு நாள் கைத்தையல் என்று பிரித்துக்கொள்ளலாம். வெட்டுவது காலையில் நல்லது, கையும் கண்ணும் தெளிவாக இருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மாதத்துக்கு இத்தனை தருகிறேன் என்று எண்ணிக்கை வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் ஒரு காய்ச்சல் மூன்று வாரத்தைத் தின்றுவிடும், வாக்குக் கொடுத்தால் அவசரத்தில் தைப்பீர்கள்.

தைக்க எடுத்த குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாம் கைக்கு வரும்வரை அந்தப் பொருள் வீட்டை விட்டுப் போகக் கூடாது, கிடைக்காவிட்டால் அதைத் தானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்த ஒவ்வொன்றையும் தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள், மேலே ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். துவைத்து முழுதாகக் காய்ந்த பிறகு வெளிப்படையான பையில் போட்டு, அளவு, துணி வகை, துவைக்கும் முறை மூன்றையும் எழுதிய சீட்டோடு மூடுங்கள். துணி நாப்கின் என்றால் அந்தச் சீட்டில் துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம் என்று சேருங்கள், இழையில் அது படிந்தால் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும்.

ஒரு நோட்டு போடுங்கள்: எங்கே, எப்போது, எது, எத்தனை. எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அடுத்த முறை போகும்போது செவிலியரிடமோ காப்பகத்தில் இருப்பவரிடமோ எது உடனே தீர்ந்தது, எது அப்படியே இருக்கிறது, எது கிழிந்தது என்று கேட்டு அங்கே எழுதுங்கள். அடுத்த துணியில் கத்தரி வைக்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு வெட்டுங்கள்.